படுத்தவன் தோற்றவன் அல்லன்

கனடாவின் ஸ்காபுறோவிலிருந்து வாசக அன்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கண்டியிலே பிறந்து, 1983க்குப் பின்னர் குடும்பத்தோடு புலம்பெயர்ந்தவர். போகம்பரை மைதானத்தின் மண் இன்னமும் தன் சப்பாத்தில் ஒட்டியிருப்பதாக அடிக்கடி எழுதுபவர். இம்முறை அவர் எழுதியது பழைய நினைவு அல்ல, ஒரு முறைப்பாடு.

அவருடைய பதினான்கு வயதுப் பேரன் அங்குள்ள சிறுவர் உதைபந்தாட்ட அணியொன்றில் விளையாடுகிறான். எதிரணிக்கு பிரீ கிக் ஒன்று கிடைத்தபோது, பயிற்றுநர் இந்தப் பையனை அழைத்து, தடுப்புச் சுவராக நின்ற தன் தோழர்களுக்குப் பின்னால் புல்தரையில் நீட்டி நிமிர்ந்து படுக்கச் சொல்லியிருக்கிறார். பையனும் படுத்தான். சுற்றி நின்ற பெற்றோர் சிலர் சிரித்தார்கள். தாத்தாவுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சிலே தைத்துவிட்டது. "விளையாடப் போன பிள்ளையை மண்ணிலே கிடத்துவது என்ன விளையாட்டு? நீங்கள் விளையாட்டுப் பக்கம் எழுதியவர். இதைக் கண்டித்து நாலு வரி எழுத வேண்டும்" என்று முடித்திருந்தார்.

நாலு வரி அல்ல, நாற்பது வரி எழுதுகிறேன் அன்பரே. ஆனால் நீங்கள் கேட்டதை எழுதப் போவதில்லை. நான் கண்டிக்க விரும்புவது படுக்கச் சொன்ன பயிற்றுநரை அல்ல. சிரித்தவர்களை. அந்தச் சிரிப்புக்கு இந்த மலைநாட்டிலேயே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் என் பெயரும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம்.

பிரீ கிக் உதைக்கப்படும்போது எதிரணி வீரர்கள் பந்திலிருந்து குறைந்தது 9.15 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். பழைய கணக்கில் பத்து யார். அந்தத் தூரத்தில் நாலைந்து பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று கோலின் ஒரு பக்கத்தை மறைப்பதையே சுவர் என்கிறோம். கோல் காப்பாளர் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்வார். இதுதான் மரபு. எல்லாப் பயிற்சிப் புத்தகங்களிலும் இருப்பது.

இந்த மரபுக்குள்ளேயே ஓர் ஓட்டை இருக்கிறது. உதைப்பவர் பந்தைச் சுவரின் தலைக்கு மேலாக வளைத்து அனுப்பக் கற்றுக்கொண்டார். ஆகவே சுவர் துள்ளக் கற்றுக்கொண்டது. சுவர் துள்ளத் தொடங்கியதும், உதைப்பவர் பந்தைக் காலடியால் அனுப்பக் கற்றுக்கொண்டார். மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து 9.15 மீற்றரைக் கடக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூடுதலான நேரம் போதும். ஓரடி உயரம் துள்ளும் மனிதனின் பாதங்களோ ஏறத்தாழ அரை விநாடி நேரம் நிலத்தில் இருப்பதில்லை. பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்ரிமீற்றர். ஓரடி என்பது 30 சென்ரிமீற்றர். கூட்டிக் கழித்துப் பாருங்கள். பந்து வந்து சேரும் கணத்தில் அது தாராளமாகப் புகுந்து போகக்கூடிய கதவு ஒன்றைச் சுவர் தானாகவே திறந்து வைத்திருக்கிறது.

அந்தக் கதவால் பந்தை அனுப்பியவர்களுள் தலைசிறந்தவர் பிரேசிலின் ரொனால்டினோ. 2006 டிசம்பரில் பார்சிலோனா அணிக்காக, ஜேர்மனியின் வேர்டர் பிரேமன் அணிக்கெதிராக அவர் உதைத்த பந்து துள்ளிய சுவரின் காலடியால் உருண்டு போய்க் கோலானதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 பெப்ரவரியில் ஜிரோனா அணிக்கெதிராக லியோனல் மெஸ்ஸி அதே வித்தையைச் செய்தார். சுவரில் நின்றவர்கள் ஆகாயத்தில் இருந்தார்கள். பந்து பூமியில் போனது.

இதற்கு மாற்று என்ன? துள்ளாமல் நின்றால் பந்து தலைக்கு மேலால் போகும். துள்ளினால் காலுக்குக் கீழால் போகும். இந்த இக்கட்டுக்கு யாரோ ஒருவர் கண்ட எளிய விடைதான், சுவருக்குப் பின்னால் ஒருவன் படுத்துக்கொள்வது. உலகம் அதனைக் கவனித்தது 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி. பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில், இன்ரர் மிலான் அணியின் குரோஷிய வீரர் மார்செலோ புரோஸோவிச், லூயிஸ் சுவாரெஸ் பிரீ கிக்கை உதைக்க ஓடிவந்த கணத்தில் சுவருக்குப் பின்னால் சறுக்கி விழுந்தார். சுவர் துள்ளியது, பந்து கீழால் வந்தது, புரோஸோவிச்சின் உடம்பிலே பட்டுத் திரும்பியது. அந்தப் போட்டியில் இன்ரர் மிலான் இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்றது வேறு விடயம். அந்தப் பந்து கோலாகவில்லை.

இதில் நகைப்புக்கு என்ன இருக்கிறது? ஒரு சிக்கல் இருந்தது. ஒருவன் தன் உடம்பைக் கொண்டு அதைத் தீர்த்தான். அவ்வளவுதான். படுத்திருப்பவன் தடுக்கும் பந்துகளை விட, அவன் படுத்திருக்கிறான் என்பதற்காகவே அவ்வழியால் உதைக்கப்படாமல் விடப்படும் பந்துகள் அதிகம் என்பதைச் சிந்திப்பவர் அறிவர். காவலாளி இருக்கும் வீட்டுக்குத் திருடன் வராதபோது, காவலாளி சும்மா இருக்கிறான் என்று சொல்வது போன்றதே இந்தச் சிரிப்பு.

"இது உதைபந்தாட்டமே அல்ல" என்பது அடுத்த குற்றச்சாட்டு. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. நிற்பதா, குந்துவதா, படுப்பதா என்று அது சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டில் இந்தச் சுவரைப் பற்றியே புதிய விதியொன்று எழுதப்பட்டது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட சுவரிலிருந்து, உதைக்கும் அணியினர் குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்த விதி. புரோஸோவிச் படுத்து ஒரு வருடம்கூட ஆகாத வேளையில் சுவர் குறித்துச் சட்டம் திருத்தியவர்கள், படுப்பவனைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சட்டம் தடுக்காததைச் சிரிப்பினால் தடுக்க நினைப்பவர்கள் யார்?

மரபு, மரபு என்கிறார்களே, அந்தச் சுவரே முற்றிலும் நல்லதா? கோல் காப்பாளரைக் கேளுங்கள். பந்து உதைக்கப்படும் கணத்தைச் சுவர் அவருடைய கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. மெய்நிகர் காட்சிக் கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வொன்று இதனை உறுதிப்படுத்தியது. தொடக்கக் காட்சி மறைக்கப்படும்போது கோல் காப்பாளர் அசையத் தொடங்குவதே தாமதமாகிறது; தடுக்கும் திறனும் குறைகிறது. 20 மீற்றர் தூரத்திலிருந்து முன்னர் சொன்ன வேகத்தில் வரும் பந்து கோலைச் சேர ஒரு விநாடிகூட ஆகாது. அதில் பத்தில் ஒரு பங்கை இழப்பதும் பெரிய இழப்புத்தான். ஆகவே சுவரே வேண்டாம், எனக்குப் பந்து தெரிந்தால் போதும் என்று சொல்லும் கோல் காப்பாளர் பைத்தியக்காரர் அல்லர். சுவரை இரண்டாகப் பிரித்து நடுவில் கண்ணுக்கு வழி விடச் சொல்பவரும் பைத்தியக்காரர் அல்லர். அவர்கள் சரியா பிழையா என்பது ஆராயப்பட வேண்டியது. சிரிக்கப்பட வேண்டியது அன்று.

மரபுக்கு மாறான தடுப்பின் அழகை ஆசியர்களே உலகக் கிண்ணத்தில் காட்டியிருக்கிறார்கள். 2018 ஜூன் 24ஆம் திகதி, ரஷ்யாவின் எகாதரின்பேர்க் நகரில் ஜப்பானும் செனகலும் மோதின. செனகல் அணி பிரீ கிக்கை உதைத்துக் கோலருகே அனுப்பத் தயாரானது. உயரத்திலும் உடற்கட்டிலும் செனகல் வீரர்கள் ஜப்பானியரை விட மேலானவர்கள். தலைக்குத் தலை மோதினால் யார் வெல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். உதைக்கப்படுவதற்குச் சற்று முன்னர் ஜப்பானியப் பின்களம் முழுவதும் ஒரே ஆளாகத் திரும்பித் தன் கோலை விட்டு வெளியே ஓடியது. பந்து பறந்து வந்தபோது செனகல் வீரர்கள் பலர் ஒன்றாக ஓப்சைட்டில் நின்றார்கள். ஓடியவர்கள் கோழைகளா? குட்டையானவன் நெட்டையானவனை வெல்ல வேண்டுமானால் நெட்டையானவனின் விளையாட்டை ஆடக்கூடாது. நம்மைப் போன்ற சிறிய நாட்டுக்காரர் சுவரில் எழுதி வைக்க வேண்டிய பாடம் அது.

இனி, எதிர்த்தரப்பின் நியாயங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படுத்தவனால் உடனே எழும்ப முடியாது. பந்து எங்காவது பட்டுத் திரும்பினால், அந்த ஓரிரு விநாடிக்கு அணி ஓர் ஆளை இழந்து நிற்கிறது. கையை முறையாக வைத்துக்கொள்ளாவிட்டால் பந்து கையில் பட்டு வேறு வில்லங்கம் வரும். முகத்தைப் பந்துக்குக் காட்டிப் படுத்தால் காயம் வரும். அவனைக் கோல் கோட்டிலேயே நிறுத்தலாமே என்பாருக்கும் ஒரு விடை உண்டு. கோல் கோட்டில் ஒருவன் நின்றால் ஓப்சைட் என்ற காவல் முழுவதும் கழன்றுவிடும். எதிரணியினர் எல்லோரும் கோல் வாசலில் வந்து குந்திக்கொள்ளலாம். சுவருக்கு நேர் பின்னால் படுப்பவனால் அந்த நட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உதைப்பவர் பந்தைக் கோலுக்கு உதைக்காமலே விட்டால் நிற்பவனும் வீண், படுத்தவனும் வீண். 2022 டிசம்பர் 9ஆம் திகதி, கட்டார் உலகக் கிண்ணக் காலிறுதியில் ஆர்ஜென்டீனாவுக்கு நேர்ந்தது அதுதான். வழமையான ஆட்ட நேரத்தோடு சேர்க்கப்பட்ட நிமிடங்களும் முடியும் தறுவாயில் நெதர்லாந்துக்கு ஒரு பிரீ கிக். உலகமே கோலை நோக்கிய உதையை எதிர்பார்த்திருக்க, கூப்மைனர்ஸ் பந்தை மெதுவாகச் சுவரருகே நின்ற வெக்ஹோர்ஸ்டிடம் தட்டிவிட்டார். அவர் திரும்பி அடித்தார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையானது. ஆர்ஜென்டீனா பின்னர் பெனால்டி உதைகளில்தான் தப்பியது.

ஆகவே படுப்பது மந்திரம் அல்ல. அது ஒரு கணக்கு. சில வேளை சரிவரும், சில வேளை பிழைக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து "இது நட்டம்" என்று சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. கணக்கே போடாமல் "இது கேவலம்" என்று சொல்பவரோடுதான் சண்டை.

கேவலம் என்ற சொல்லுக்கு வருவோம். 2021 செப்ரெம்பர் 28ஆம் திகதி பாரிஸ் நகரில் பி.எஸ்.ஜி. அணிக்கும் மான்செஸ்டர் சிற்றிக்கும் போட்டி. பி.எஸ்.ஜி.க்காக மெஸ்ஸி தன் முதலாவது கோலை அடித்த நாள் அது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சிற்றிக்கு பிரீ கிக். சுவருக்குப் பின்னால் ஒருவர் படுத்தார். பார்த்தால், மெஸ்ஸி. உடனே தொலைக்காட்சிகளில் ஒரே கூச்சல். இங்கிலாந்தின் முன்னாள் பின்கள வீரர் ரியோ பேர்டினன்ட், மெஸ்ஸியைப் படுக்க விட்டது மரியாதைக் குறைவு என்றார். தான் அந்த அணியில் இருந்திருந்தால் அவருக்குப் பதிலாகத் தானே படுத்திருப்பேன் என்ற பொருள்படவும் பேசினார்.

பேர்டினன்டின் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாதத்தின் அடியில் கிடப்பது என்ன என்று பாருங்கள். படுப்பது தவறு என்று யாரும் சொல்லவில்லை. மெஸ்ஸி படுப்பதுதான் தவறு. அதாவது, அந்த வேலை நடக்க வேண்டும். ஆனால் அதைச் செய்ய வேண்டியவன் வேறு ஒருவன். கீழே உள்ள ஒருவன். மேலே பங்களாவும் கீழே லயமும் கட்டப்பட்ட மலைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வாதம் புதிதல்ல. வேலை அவசியமானது, செய்பவன் மட்டும் கேவலமானவன் என்ற நியாயத்தை நாம் இருநூறு வருடங்களாகக் கேட்டு வருகிறோம்.

அந்தக் கூச்சலுக்கு மெஸ்ஸி செவிகொடுத்ததாகத் தெரியவில்லை. துள்ளும் சுவரின் காலடியால் பந்தை அனுப்பத் தெரிந்தவருக்கு, அந்தக் கதவை மூடுவதன் பெறுமதியும் தெரிந்திருக்கும்.

சிரிப்பு எவ்வளவு பெரிய அநியாயத்தைச் செய்யும் என்பதற்கு உதைபந்தாட்ட உலகில் ஒரு நிரந்தரச் சான்று இருக்கிறது. 1974 ஜூன் 22, மேற்கு ஜேர்மனியின் கெல்சன்கிர்சன் நகரம். உலகக் கிண்ணத்தில் பிரேசிலும் சயரும் ஆடுகின்றன. பிரேசிலுக்கு பிரீ கிக். நடுவர் ஊதியதும், சுவரில் நின்ற சயர் வீரர் முவெப்பு இலுங்கா விடுபட்டு ஓடிவந்து, பிரேசில்காரர் தொடுவதற்கு முன்னரே பந்தை மைதானத்தின் மறுகோடிக்கு உதைத்துத் தள்ளினார். மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. உலகம் சிரித்தது. ஆபிரிக்கர்களுக்கு விளையாட்டின் விதிகூடத் தெரியாது என்பதற்கு உதாரணமாக அந்தக் காட்சி பல பத்தாண்டுகள் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தது.

அதே வருடம் மார்ச்சில் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்ற அணி சயர். ஒரு கண்டத்தின் சாம்பியனுக்கு பிரீ கிக் என்றால் என்னவென்று தெரியாதாம்! யூகோஸ்லாவியாவிடம் ஒன்பதுக்குப் பூச்சியம் என்று தோற்ற பின்னர், சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்கள் வந்து, பிரேசிலிடம் நாலு கோல் வாங்கினால் வீடு திரும்ப முடியாது என்று மிரட்டியதாக இலுங்கா பின்னாளில் கூறினார். அவர்களுக்குக் கொடுக்கப்பட வேண்டிய பணமும் கொடுக்கப்படவில்லை. விதி தனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன் என்றும் சொன்னார். ஆட்டம் மூன்றுக்குப் பூச்சியம் என்று முடிந்தது; நாலாவது கோல் விழவில்லை. 2015இல் அவர் இறந்தார். சிரித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய விளக்கத்தைத் தேடி வாசித்தார்கள்?

இலுங்கா செய்தது விதிமீறல். புரோஸோவிச் செய்தது விதிக்குட்பட்டது. இரண்டையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. ஆனால் பார்த்தவர்களின் சிரிப்பு ஒன்றேதான். "இவனுக்கு ஏன் இப்படிச் செய்யத் தோன்றியது?" என்ற கேள்வியைக் கேட்காமல் தப்பித்துக்கொள்ளும் சோம்பேறியின் சிரிப்பு அது.

இதைக் கண்டிக்காரர் சிரிக்கவே கூடாது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் றகர் ஊர். 1874இல் தோன்றிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் நித்தவெல மைதானத்தில் ஒரு சனிக்கிழமை மாலை போய் நின்று பாருங்கள். எதிரணியின் முன்வரிசை திரண்டு வரும்போது, உருண்டுவரும் பந்தின் மேல் ஒருவன் தன் உடம்பைப் போட்டு விழுகிறான். எட்டுப் பேரின் சப்பாத்துகள் அவன் முதுகைத் தேடி வருகின்றன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. அவன் வீரன்! அதே கூட்டத்தில் ஒரு பகுதி மறுநாள் போகம்பரைக்கு வந்து, உதைக்கப்படும் பந்துக்கு எதிரே நிலத்தில் படுப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறது. இரண்டும் பந்துக்கு முன்னால் உடம்பை வைப்பதுதான். ஒன்று வீரமாகவும் மற்றது கேலிக்கூத்தாகவும் எப்படி ஆயிற்று? ஒன்றைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். மற்றதைப் பார்த்துப் பழகவில்லை. வேறு காரணம் இல்லை.

அடுத்தது, முத்தையா முரளிதரன். கண்டியின் பிள்ளை, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார் அவருடைய பந்துவீச்சை எறிதல் என்று சொல்லி மீண்டும் மீண்டும் நோ போல் கொடுத்தபோது, இந்த நகரம் கொதித்ததை நான் கண்ணாற் கண்டேன். பிறப்பிலேயே நேராக நீட்ட முடியாத முழங்கை அவருடையது. கருவிகளை வைத்து அளந்து பார்த்தபோதுதான், முழங்கையை மடக்காமல் வீசுவதாக நம்பப்பட்ட பலரும் ஓரளவு மடக்கியே வீசுகிறார்கள் என்பது தெரியவந்தது. 2005இல் 15 பாகை என்ற எல்லை எல்லோருக்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. கண் சொன்னது ஒன்று, அளவுகோல் சொன்னது வேறொன்று. 800 டெஸ்ற் விக்கெட்டுகளோடு முரளி 2010இல் விடைபெற்றார். வழமைக்கு மாறானது என்பதற்காகவே ஒன்றைத் தவறு என்று சொல்லக்கூடாது என்ற பாடத்தை, உலகத்துக்கே கற்றுக்கொடுத்த ஊர் கண்டி.

அந்தப் பாடத்தைக் கற்காத ஒருவனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

1998. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்று வெளியேறி, பத்திரிகையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவ்வருடம் ஓகஸ்ட் இறுதியில் லண்டன் ஓவல் மைதானத்தில் முரளி ஒரே டெஸ்ற் போட்டியில் 16 விக்கெட்டுகளைச் சாய்த்தபோது, அவருடைய பந்துவீச்சைக் குறை கூறியவர்களுக்கு எதிராக நான் அரைப் பக்கக் கட்டுரை எழுதினேன். பலர் பாராட்டினார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, மழைக்கால மாலையொன்றில், போகம்பரையில் ஓர் உள்ளூர்ச் சுற்றுப்போட்டியின் ஆட்டத்தைப் பார்க்க அனுப்பப்பட்டேன். நகரத்து அணியொன்றும் தோட்டத்து அணியொன்றும். இரண்டாவது பாதியில் நகரத்து அணிக்கு பிரீ கிக். தோட்டத்துப் பையன்கள் சுவர் கட்டினார்கள். அவர்களுள் மெலிந்த ஒருவன் சுவரை விட்டு விலகி, பின்னால் போய், சேற்றிலே பக்கவாட்டாகப் படுத்தான். மைதானம் முழுவதும் சிரிப்பு. "தம்பிக்கு நித்திரை வருது போல" என்று யாரோ கத்தினார்கள். பந்து தாழ்வாக வந்தது. சுவரில் நின்ற ஒருவன் காலைத் தூக்கினான். பந்து படுத்திருந்தவனின் இடுப்பில் பட்டு வெளியே போனது. சிரிப்பு இன்னும் கூடியது. நானும் சிரித்தேன். தோட்டத்து அணி பின்னர் வேறொரு கோலால் தோற்றது.

மறுநாள் பத்திரிகையில் என் செய்திக்கு நான் இட்ட உபதலைப்பு: "மைதானத்தில் உறங்கிய பின்கள வீரர்."

பந்து அவன் மேல் பட்டுத்தான் கோலாகாமற் போனது என்பதை அந்தச் செய்தியில் நான் எழுதவில்லை. பார்த்தேன், எழுதவில்லை. எழுதியிருந்தால் உபதலைப்பு கெட்டுப் போயிருக்கும்.

பல வருடங்களுக்குப் பிறகு, புரோஸோவிச்சின் காட்சி உலகமெங்கும் ஓடிய நாட்களில், எனக்கு அந்தப் பையனின் ஞாபகம் வந்தது. அந்த அணியைப் பயிற்றுவித்த தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஓய்வுபெற்றுக் கம்பளைப் பக்கம் இருப்பதாக அறிந்து போய்ப் பார்த்தேன். என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. செய்தியும் ஞாபகம் இருந்தது. ஏன் அந்தப் பையனைப் படுக்கச் சொன்னீர்கள் மாஸ்டர் என்று கேட்டேன்.

"நான் சொல்லல்ல ஐயா. அவனாகக் கண்டுபிடிச்சது. எங்கட கிரவுண்ட் சரிவு. பிள்ளைகள் வெறுங்காலோட விளையாடுறது. மழையில பந்து கல்லு மாதிரி கனக்கும். யாரும் உயர அடிக்க ஏலாது, நிலத்தோடதான் வரும். சுவரில நிக்கிறவன் வெறுங்காலில அடி வாங்கப் பயந்து காலைத் தூக்குவான். அந்த இடைவெளியால எத்தனையோ கோல் வாங்கியிருக்கோம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் ஒருநாள் போய்ப் படுத்தான்."

பிறகு அந்தப் பையன் என்ன செய்தான் என்று கேட்டேன்.

"விளையாடினான். ஆனா படுக்கல்ல. உங்கட பேப்பரைத் தோட்டத்தில எல்லாரும் வாசிச்சாங்க. அதுக்குப் பிறகு அவனும் மத்தவங்க மாதிரி சுவரில போய் நின்னுக்கிட்டான்."

அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தேநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். என்னால் அந்தத் தேநீரை விரைவாகக் குடித்து முடிக்க முடியவில்லை.

சரிவான மைதானம், வெறுங்கால், நனைந்த பந்து. இந்த மூன்றிலிருந்தும் ஒரு தோட்டத்துப் பையன் தானாகவே கண்டறிந்த விடையை, இருபது வருடம் கழித்து ஐரோப்பாவின் பெரும் மைதானம் ஒன்றில் பார்த்து உலகம் வியந்தது. அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது ஒரு கைதட்டல். கிடைத்தது என் உபதலைப்பு. முரளிக்காக அரைப் பக்கம் எழுதியவன், முரளியைப் போலவே வழமைக்கு மாறாகச் சிந்தித்த ஒருவனை அரை வரியால் மடக்கிப் போட்டேன். முரளிக்கு 16 விக்கெட்டுகள் இருந்தன. அந்தப் பையனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. வென்றவனின் வினோதத்தைப் புகழ்வதும் தோற்றவனின் வினோதத்தைக் கேலி செய்வதும் எங்கள் தொழிலின் பழைய நோய்.

இந்த நாட்டின் உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கண்ணீர் வடிப்பவர்கள் பலர். 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு, 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனத்தால் இடைநிறுத்தப்பட்டு, அவ்வருடம் ஓகஸ்டில்தான் மீண்டும் சேர்க்கப்பட்டது. நிர்வாகச் சண்டைகளை எழுத வேறு நாள் இருக்கிறது. ஆனால் நிர்வாகிகள் மட்டும்தானா குற்றவாளிகள்? புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பவனை மைதானத்தின் ஓரத்திலிருந்து சிரித்தே அடக்கிவிடும் நாங்களும் அல்லவா? பணமும் உயரமும் வசதியும் இல்லாதவனுக்கு மிஞ்சியிருப்பது யோசனை ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டு, பெரிய நாட்டுக்காரனின் புத்தகத்தில் உள்ளபடி சுவரில் நில் என்று சொன்னால், அவன் நிற்பான். தோற்பான். நாமும் கண்ணீர் வடிப்போம்.

ஸ்காபுறோ அன்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேரனின் பயிற்றுநரிடம் போங்கள். சண்டைக்கு அல்ல, இரண்டு கேள்வி கேட்க. முதலாவது, ஏன் படுக்க வேண்டும் என்பதைப் பையனுக்கு விளக்கினீர்களா? முகத்தைத் திருப்பிக் கையை ஒடுக்கிக் காயம்படாமல் எப்படிப் படுப்பதென்று காட்டிக்கொடுத்தீர்களா? இரண்டாவது, அடுத்த முறை யார் படுப்பார்? அணித்தலைவரும் படுப்பாரா? இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால், உங்கள் பேரன் கெட்டிக்காரர் ஒருவரிடம் விளையாட்டுக் கற்கிறான். என்றும் இவன்தான், இவன் மட்டும்தான் என்று பதில் வந்தால், அப்போது எனக்கு எழுதுங்கள், கண்டித்து எழுதுகிறேன்.

பையனிடம் ஒன்று சொல்லுங்கள். படுத்துக் கிடந்தபோது பந்து வந்ததா இல்லையா என்று தாத்தா கேட்டார் என்று சொல்லுங்கள். சிரித்தவர்கள் எவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1998இல் நானும் கேட்கவில்லை.